உயிர் காத்த கயிறு

"எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்கக் கொத்தினவன், நிலோ! பாம்பை அடிக்கிற மாதிரி, துண்டு துண்டா!"

சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று கத்தினார் கேதீஸ்வரன்.

அது தொண்ணூற்றேழாம் ஆண்டு. சுவிசில் தமிழர் என்றால் ஹோட்டல் குசினி வேலை என்றிருந்த காலத்தில், அவர் ஆரா நகருக்குப் பக்கத்துக் காட்டில் மரமேறிக் கொப்பு வெட்டுகிற வேலையில் இருந்தார். போன மாதம் நின்ற கொப்பு முறிந்து விழுந்தபோது, இடுப்பில் கட்டிய கயிறுதான் அவரை அந்தரத்தில் பிடித்து நிறுத்தியது.

அன்றிலிருந்து அது கயிறு இல்லை, முருகன். வெள்ளிக்கிழமைகளில் வீட்டுக்குக் கொண்டுவந்து, படத்துக்கு முன்னால் வைத்துச் சந்தனம் பூசுவார். அதைக் கட்டாமல் மரத்தில் கால் வைக்கமாட்டார்.

அந்தக் கயிற்றைத்தான் அவருடைய முதலாளி வித்மர், மரக்குற்றியில் வைத்துக் கைக்கோடரியால் கொத்திப்போட்டிருந்தார்.

"சாமிக் கயிறு எண்டு சொன்னனீங்களோ அத்தான்?"

"சொன்னன். காதில விழுந்தாத்தானே! இனி அந்தக் காட்டுக்குள்ள கால் வைக்கமாட்டன். வேலையும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்."

மனைவியின் தங்கை நிலோஜினி சூரிச்சில் சட்டம் படிக்கிறவள். நியாயம் கேட்கப் போவதென்றால் அவளுக்குச் சாப்பாடும் வேண்டாம், நித்திரையும் வேண்டாம்.

"ஒரு சிலுவையை இப்பிடிக் கொத்துவானோ? எங்கட சாமி எண்டால் அவ்வளவு இளக்காரம்! நாளைக்கு நான் போறன். எல்லாருக்கும் முன்னால கொத்தினவன், எல்லாருக்கும் முன்னால மன்னிப்புக் கேக்கட்டும்."

குசினியில் அக்கா சுலோஜனா, மறுநாள் மத்தியானச் சாப்பாட்டை ஒரு பிளாஸ்ரிக் பெட்டிக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். "விடு நிலோ. அதுதான் புதுக் கயிறு குடுத்திருக்கினமே."

"உங்களை மாதிரி வாய் திறவாத ஆக்களாலதான் அக்கா, எங்கட சனத்துக்கு மேல ஏறி மிதிக்கிறாங்கள்! உங்கட புருசனுக்கு நடந்த அவமானம். உங்களுக்கு ஒண்டும் சுடேல்லையோ?"

அக்கா பெட்டியை மூடினாள்.

"நான் போகமாட்டன் எண்டுறன், இவ சாப்பாடு கட்டுறா. என்ரை சில்வர்ப் பெட்டி எங்கையப்பா? கண்டு கனநாள்" என்றார் கேதீஸ்வரன்.

"இஞ்சதான் எங்கயாவது கிடக்கும்."

மறுநாள் காலை, காட்டோரக் கொட்டிலில் வித்மர் மரம் அறுக்கிற இயந்திர வாளின் சங்கிலியை அரத்தால் அராவிக்கொண்டிருந்தார். நிலோஜினி ஜெர்மனில் சொன்னதை எல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"மன்னிப்புக் கேட்கமாட்டேன்" என்றார். "இன்னொரு தடவை என்றாலும் வெட்டுவேன்."

"அப்படியென்றால் இது இனவெறிதான்."

வித்மர் எழுந்துபோய், மூலையில் கிடந்த கயிற்றுத் துண்டு ஒன்றை எடுத்து வந்து மேசையில் போட்டார். சந்தனம் இன்னும் ஒட்டியிருந்தது.

"பிரித்துப் பாருங்கள்."

பிரித்தாள். வெளியுறை புதுக்கயிறு மாதிரி இருந்தது. உள்ளே இழைகள் அறுந்து பஞ்சாகிக் கிடந்தன.

"விழுகிற ஆளை ஒருமுறை பிடித்த கயிற்றை மறுமுறை நம்பக்கூடாது. இந்த வேலையில் முதல் பாடம் அது. வெளியே ஒன்றுமே தெரியாது. அன்றைக்கே எறியச் சொன்னேன். எறிந்துவிட்டேன் என்றார். புதியது கொடுத்தேன். ஆனால் பழையதைக் கட்டித்தான் இவ்வளவு நாளும் ஏறியிருக்கிறார். முழுசாகக் குப்பையில் போட்டால் திரும்பவும் எடுப்பார். அதனால்தான் துண்டு துண்டாக."

"அதற்கு எல்லாருக்கும் முன்னாலா?"

"எல்லாரும் பார்த்தால்தான் நாளைக்கு இன்னொருவன் ஒளித்து வைக்கமாட்டான்."

நிலோஜினி அறுந்த இழைகளை மேசையில் வைத்தாள். ஆனாலும் வாதத்தில் ஒரு நுனி கையில் மிஞ்சியிருந்தால் விடுகிற பிறவி இல்லை அவள்.

"பழையதும் புதியதும் ஒரே நிறம். சந்தனமும் பார்வைக்கு மண் பட்ட மாதிரித்தான். அவர் பழையதைத்தான் கட்டுகிறார் என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது?"

வித்மர் மறுபடியும் அரத்தைக் கையில் எடுத்தார்.

"யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவர் அதைப் பூசை செய்வது எங்கள் ஆட்களுக்குத்தான் தெரியும். கூட இருந்தே காட்டிக்கொடுத்த அந்த ஆள் யார்?"

"பெயர் சொல்லமாட்டேன். வாக்குக் கொடுத்திருக்கிறேன்." வித்மர் அரத்தை மெல்லக் கீழே வைத்தார். "அந்த ஆளுக்கு ஜெர்மன் அவ்வளவாக வராது. இந்த இடத்தில்தான் வந்து நின்றது. சுவரில் தொங்கிய கயிற்றைத் தொட்டுக் காட்டி, 'கேதீஸ்வரன், பழசு, பழசு' என்றது. பிறகு இப்படி..."

இரண்டு விரல்களைக் கத்தரிக்கோல் மாதிரி வைத்து வெட்டிக் காட்டினார். அதன் பிறகு ஒரு விரலை உதட்டில் வைத்தார்.

"கண்ணால் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. உங்கள் வசையை நான் வாங்கிக்கொள்கிறேன், பரவாயில்லை. ஒரு உதவி மட்டும் செய்யுங்கள்."

அலுமாரியைத் திறந்து, கழுவித் துடைத்து வைத்திருந்த பெட்டி ஒன்றை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"பலகாரம் கொண்டுவந்த பெட்டி. கேதீஸ்வரனின் கண்ணில் படாமல் சேர்த்துவிடுங்கள்."

சில்வர்ப் பெட்டி. அதன் மூடியில், வித்மருக்கு வாசிக்கத் தெரியாத எழுத்தில், கலியாணத்துக்கு அம்மா அடிப்பித்துக் கொடுத்த பெயர் இருந்தது: சுலோஜனா.