அணில் வைத்த ஆள்

மனசு சரியில்லாத மிருகங்களுக்கென்று காட்டில் ஒரு வைத்தியசாலை இருந்தது. அதற்கு ஓர் அணில் தலைமை. உதவிக்கு ஓர் எருமை. வருகிறவர் சொல்வதை எருமை அசைபோட்டபடி கேட்கும். ஒருவர் அழுது முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

"இப்படி வேலை பார்த்தால் உருப்பட்ட மாதிரிதான்" என்று அணில் அதைக் குளத்துக்கு அனுப்பிவிட்டு, அது தின்ற தீனிக்கு இரண்டு அணில்களை வேலைக்கு வைத்தது. "மூச்சை இழுங்க, விடுங்க, அடுத்தது யாரு?" என்று பாடமும் சொல்லிக்கொடுத்தது.

வரிசை பறந்தது. காலையில் வந்த மான் மாலையில் மறுபடி வந்தது. "பார்த்தீங்களா, என்ன கூட்டம்!" என்று வாலைத் தூக்கிக்கொண்டு திரிந்தது தலைமை அணில்.

ஓடி ஓடி ஒருநாள் அதற்கே நெஞ்சு படபடத்தது, தூக்கம் போயிற்று. வெட்கத்தை விட்டு அதுவும் வரிசையில் நின்றது. முறை வந்து வாயைத் திறந்ததும், புது அணில் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "மூச்சை இழுங்க, விடுங்க, அடுத்தது யாரு?" என்றது.

'அடடா, என்ன அருமையாகப் பழக்கியிருக்கிறேன்!' என்று தலைமை அணில் தன்னையே மெச்சிக்கொண்டு, வெளியே வந்து அழுதது.

அழுதபடியே குளத்துக்குப் போயிற்று. அது சொன்னதை எருமை அசைபோட்டபடி கேட்டது. பாதியிலேயே அணில், "போதும்ணே, உங்க நேரத்தைக் கெடுக்கிறேன்" என்றது.

"அப்புறம்?" என்றது எருமை.

பழக்கதோஷத்தில், அடுத்தது யார் என்று அணில் திரும்பிப் பார்த்தது.

புது அணில்கள் இரண்டும் வரிசையில் நின்றுகொண்டிருந்தன.