மைப்படி காயும்வரை

கல்லில் ஒட்டிய தாள் காயவே இல்லை.

இசக்கிசெல்வி புறங்கையால் தொட்டுப் பார்த்தாள். சில்லென்றிருந்தது. குற்றாலத்துச் சாரல் இலத்தூர் வரைக்கும் வந்து தூறிக்கொண்டிருந்தது.

"மைய வச்சிருவமாட்டி? கிரேன்காரன் ஸ்டார்ட் பண்ணிட்டான்," என்றான் சுபாஷ். அவளோடு தொல்லியல் படிப்பவன்.

"ஈரத்துல வச்சா மை எழுத்துக்குள்ள ஓடிரும்லே. பொறு."

படியெடுப்பது எளிய வேலைதான். கல்லைக் கழுவி, நனைத்த தாளை அதன்மேல் விரித்து, பிரஷால் தட்ட வேண்டும். வெட்டிய எழுத்துக்குள் தாள் பள்ளமாக இறங்கும். ஈரம் இழுத்தபின் மைத்துணியை மேலாக ஒற்றினால் மேடெல்லாம் கறுக்கும். பள்ளத்துக்கு மை எட்டாது. எழுத்து வெள்ளையாக நிற்கும்.

ஈரம் இழுக்கும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குத்தான் இன்று நேரமில்லை.

பாதி சரிந்த அந்தப் பாண்டியர் காலத்துக் கோயிலை இன்று பிரிக்கிறார்கள். போன மழையில் உத்தரம் ஒன்று விழுந்ததிலிருந்து யாரும் உள்ளே போவதில்லை. விரிசல் விட்ட அடிவரிசைக் கற்கள் எழுத்தோடு சேர்ந்து குளத்தங்கரைக்குப் போகும். அதே இடத்தில் புதுக்கல்லில் புதுக் கோயில் எழும்பும்.

நேற்று வகுப்பே திரண்டு போய்க் கெஞ்சியும் திருப்பணிக் கமிட்டித் தலைவர் குத்தாலிங்கம் அசையவில்லை. ஆள் செத்தால் கல்வெட்டா வந்து பதில் சொல்லும் என்று கேட்டார். கடைசியில், இன்று காலையில் மட்டும் படியெடுத்துக்கொள்ளச் சம்மதித்தார்.

வேலியில் கட்டியிருந்த திருப்பணி பிளெக்ஸை அவிழ்த்து, நாலு பேர் ஆளுக்கொரு முனை பிடித்துத் தாளுக்குக் கூரை போட்டார்கள்.

குத்தாலிங்கம் வந்து நின்றார். பிளெக்ஸிலும் அவர்தான், கும்பிட்ட கையோடு.

"என்ன பிள்ள, என் மூஞ்சிய நனைய விடுதிய?"

"உங்க தயவுலதான் அண்ணாச்சி இது காயணும்."

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, கிரேன்காரனைப் பார்த்துக் கையமர்த்தினார்.

ஒருவழியாகத் தாள் ஈரம் இழுத்தது. அவள் ஒற்ற ஒற்ற, கறுப்பில் ஒவ்வொரு வரியாக வெள்ளை எழுத்து எழுந்து வந்தது. கை வேலையில் இருந்தாலும் மனம் கனத்தது. கல்லே போனபிறகு இது வெறும் தாள்தானே.

கடைசி வரி வந்ததும் அவள் கை நின்றுவிட்டது.

"என்ன போட்டிருக்கு?" என்றார் குத்தாலிங்கம்.

"'இதுவும் ஒரு பழங்கற்படி'ன்னு இருக்கு அண்ணாச்சி."

"அப்படின்னா?"

"இந்தக் கல்லே காப்பிதான். இதுக்கு முந்தி இங்கன வேற சுவர் இருந்திருக்கு. அதப் பிரிக்கதுக்கு முன்னால, அதுல இருந்தத அப்படியே படியெடுத்து, புதுச் சுவர்ல திரும்ப வெட்டியிருக்காங்க."

குத்தாலிங்கம் சுவரைப் பார்த்தார். பிறகு தாளைப் பார்த்தார்.

"அப்போ அன்னைக்கும் ஒருத்தன் பிரிச்சிருக்கான்."

"ஆமா அண்ணாச்சி. பிரிச்சவரேதான் வெட்டியும் வச்சிருக்காரு."

அவர் குனிந்து அந்தக் கடைசி வரியைக் கிட்டத்தில் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, சாரலுக்கு ஒதுங்கி, பிளெக்ஸின் அடியில் வந்து நின்றார்.

"ஸ்தபதி, ஒரு விசயம். புதுக் கோயிலுக்கு வச்சிருக்க அடிவரிசைக் கல்ல மட்டும் இன்னும் பாலிஷ் போட்டுராதேயும். அதுல கொஞ்சம் எழுத்து வெட்டணும்."