மண்ணுக்குள் ஒரு வாட்ச்

"முதல்ல உங்க ஷூவக் கழட்டுங்க. மெஷின் அதப் பாத்துத்தான் கத்துது."

பத்து வயதுப் பெண் இப்படிச் சொன்னதும் லிஃப்ட் மெக்கானிக் குனிந்து தன் காலைப் பார்த்தார். வேலைக்குப் போடுகிற ஷூ, விரல் நசுங்காமல் இருக்க முனையில் இரும்பு வைத்தது. கொல்லையில் முதல் அடி வைத்ததிலிருந்து மெட்டல் டிடெக்டர் விடாமல் கூவியதை நம்பி, மனிதர் இரண்டு இடத்தில் முழங்கால் ஆழத்துக்குத் தோண்டி முடித்திருந்தார். அசடு வழியக் கழற்றி ஓரமாக வைத்தார். அவள் சிரிக்கவில்லை.

அவளுடைய அம்மாவைக் கல்யாணம் செய்துகொண்டு அவர் அந்த வீட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. பெண் மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் அப்பா என்றும் கூப்பிட மாட்டாள், மாமா என்றும் கூப்பிட மாட்டாள். "இங்க பாருங்க" என்பதுதான் அவருக்கு அவள் வைத்திருந்த பெயர். அதுவும் சாப்பிடக் கூப்பிடச் சொல்லி அம்மா அனுப்பினால்தான் வாயிலிருந்து வரும்.

சொந்த அப்பா இறந்தபோது அவளுக்கு ஆறு வயது. அவர் கட்டியிருந்த வாட்சைச் சித்தப்பாவுக்குக் கொடுத்துவிடலாம் என்று பெரியவர்கள் பேசியது காதில் விழுந்ததும், அதைத் தகர பிஸ்கட் டப்பாவில் போட்டு யாருக்கும் தெரியாமல் கொல்லையில் புதைத்துவிட்டாள். அப்புறம் அம்மாவிடம் ஒப்புக்கொண்டபோது எந்த இடம் என்று அவளுக்கே மறந்துபோயிருந்தது. போன மாதம் அம்மா பேச்சுவாக்கில் இதைச் சொன்னதும் மெக்கானிக்குக்கு மனசு கேட்கவில்லை. கூட வேலை செய்யும் எலக்ட்ரீஷியனுக்கு லீவு நாள் வந்தால் மெட்டல் டிடெக்டரும் கையுமாக மைதானம் மைதானமாக அலைகிற பைத்தியம் உண்டு. அந்த மெஷினை இரவல் வாங்கினார். சனிக்கிழமை தவறாமல் பார்த்துவந்த ஓவர்டைமுக்கும் இனி வரமாட்டேன் என்று வேலையிடத்தில் சொல்லிவிட்டார்.

அந்த வாட்சை அவள் உள்ளங்கையில் வைத்துவிட்டால், இந்த வீட்டில் தானும் ஒரு மனுஷன் இருப்பது அவள் கண்ணில் படும் என்று அவருக்கு ஒரு ஆசை. ஆசை என்ன ஆசை, ஏக்கம்தான்.

மெஷினோடு வந்த புத்தகத்தில் எழுத்தெல்லாம் எறும்பு சைஸ். அதை அவள் பின்வாசல் படியில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படிப்பதுபோல் ஒரு வரி விடாமல் படித்தாள். தண்டை அவர் உயரத்துக்கு நீட்ட வேண்டும், அடியில் இருக்கும் வட்டத் தட்டைத் தரையில் இடிக்காமல் இரண்டு விரல் மேலே பிடிக்க வேண்டும், பெருக்குகிற மாதிரி இப்படியும் அப்படியும் நிதானமாக வீச வேண்டும் என்று ஒவ்வொன்றாக உத்தரவு போட்டாள். பொத்தான்களும் திருகுகளும் அவள் பொறுப்பு, மண்வெட்டி அவர் பொறுப்பு. பன்னிரண்டு மாடி லிஃப்டை ஒற்றை ஆளாக வழிக்குக் கொண்டுவருகிறவர், அந்தக் கொல்லையில் அவள் கிழித்த கோட்டைத் தாண்டவில்லை.

முதல் சனிக்கிழமை பித்தளைக் குழாயின் தலை கிடைத்தது. இரண்டாவது வாரம் ஓர் அலுமினியக் கரண்டி. மூன்றாவது வாரம் ஹெட்போனை ஆளுக்கொரு காதாக வைத்துக்கொண்டு தேடினார்கள், இரண்டு முழம் செம்புக் கம்பி கிடைத்தது. டப்பாவை மட்டும் காணோம். ஆனால் நடுநடுவே அவள் பேச ஆரம்பித்திருந்தாள். கணக்கு டீச்சர் தும்மினால் வகுப்பே அதிர்வதையும், பக்கத்து பெஞ்சுக்காரி பென்சிலைக் கடித்தே தீர்ப்பதையும் நடித்துக் காட்டினாள். அவர் முகம் வாடும்போதெல்லாம் ஆறுதல் சொன்னதும் அவள்தான். பரவாயில்லை, அடுத்த வாரம் அந்தப் பக்கம் பார்க்கலாம் என்பாள்.

ஐந்தாவது சனிக்கிழமை பார்க்க மூலை மிச்சமில்லை. கொல்லை முழுவதையும் இரண்டு தடவை சலித்தாகிவிட்டது. மெஷினில்தான் கோளாறு, வந்து எடுத்துக்கொண்டு போ என்று எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டுவிட்டு, மெக்கானிக் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அவள் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

"மன்னிச்சுக்கம்மா. என்னால முடியல. அடுத்த வாரத்துலேருந்து சனிக்கிழமை ஓவர்டைமுக்கு வரேன்னு சொல்லிட்டேன்."

அவள் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

எலக்ட்ரீஷியன் வந்ததும் வராததுமாக, இதுவரை கிடைத்ததையெல்லாம் காட்டச் சொன்னார். கொட்டிக் காட்டியதைக் காலால் கிளறிப் பார்த்துவிட்டு, ஒரு ஆணி கூடவா அகப்படவில்லை என்று கேட்டார். ஒன்றுகூட இல்லை என்றார் மெக்கானிக்.

"வீடு கட்டின எடத்துல ஆணி இல்லாம இருக்குமாய்யா?"

பையிலிருந்த இரும்பு ஸ்பேனரைத் தரையில் போட்டு அதன் மேல் மெஷினை வீசினார். சத்தமே இல்லை. கைப்பிடியில் இருந்த ஒரு திருகை வலது பக்கம் திருப்பிவிட்டு மறுபடி வீசினார். மெஷின் அலறியது.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு. இரும்பக் கண்டா கண்டுக்காதன்னு திருகி வச்சிருக்கீங்க. நீங்க தேடுறதோ தகர டப்பா, அதுவும் இரும்புதான். வருஷம் பூரா அது மேலயே நடந்தாலும் இது வாயத் தொறக்காது. யாரு பாத்த வேல இது?"

மெக்கானிக் தலையில் கை வைத்துக்கொண்டார். தான்தான் கை தவறி எதையோ திருகியிருக்க வேண்டும் என்றார். ஐந்து வாரமாகக் குழந்தையை வெயிலில் அலைய விட்டேனே என்று தன்னையே நொந்துகொண்டார். அவளிடம் மறுபடி மன்னிப்புக் கேட்கத் திரும்பினார். அவள் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். கண் நிறைந்திருந்தது.

"நான்தான் வச்சேன். மொத நாளே புத்தகத்தப் படிச்சுட்டு வேணும்னுதான் வச்சேன்," என்றாள். "வாட்ச் மண்ணுக்குள்ளயேதான் இருக்கும், எங்கயும் போகாது. அது கெடச்சுட்டா, சனிக்கிழமையானா நீங்கதான் போயிடுவீங்க."