கேப்டன் அலையாத்தி

“இப்பவும் கட் பண்ணிட்டான்டா!” போனை மடியில் போட்டான் அரவிந்தன்.

முத்துப்பேட்டைச் சாலையில் காரை ஓட்டிக்கொண்டிருந்த ஜெக்கரியா சிரித்தான். “அதான் ‘நேர்ல வாங்க’ன்னு அட்ரஸ் அனுப்பியிருக்கான்ல? நேர்லயே கேளு.”

“கேக்கத்தான் போறேன். சிங்கப்பூர்லேருந்து லீவுல வந்தவன் நான், வயல்ல அறுவடை மெஷின் நிக்கிறப்போ எல்லாத்தையும் அப்பா தலையில கட்டிட்டு வர்றேன். எதுக்கு?”

கல்லூரிக் காலத்தில் இருவரும் இணையத்தில் ஒரே அணியில் போர் விளையாட்டு ஆடியவர்கள். அணியின் கேப்டன் ‘அலையாத்தி’. நிஜப் பெயரோ முகமோ யாருக்கும் தெரியாது. அப்போது ஒரு குட்டி மென்பொருள் இருந்தது. ஆட்டத்தை விட்டு வெளியே வராமல், திரையின் மூலையிலேயே ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ளலாம். அதை மூடிப் பல வருடமாகியும், நினைத்து நினைத்து உருகுகிறவர்களுக்கு முகநூலில் ஒரு குழு இருக்கிறது. போன வாரம் அங்கேதான் அலையாத்தி அகப்பட்டான்.

“குண்டு பறக்கிற நேரத்துலயும் என்னமா டைப் பண்ணுவான்! ‘அரவி, பின்னாடி பாரு’ன்னு மூலையில வந்து விழும். திரும்பினா எதிரி நிப்பான்” என்றான் ஜெக்கரியா.

“அப்படிப்பட்டவன் ஏன்டா சொல்லாம கொள்ளாம ஓடினான்? எல்லாரும் மைக்ல பேச ஆரம்பிச்சோம். இவன் மட்டும் டைப்தான் பண்ணுவேன்னு அடம். வசதியில்ல போலன்னு நினைச்சு, ஹெட்செட் வாங்கி அனுப்புறோம், அட்ரஸ் குடுன்னேன். அன்னைக்குப் போனவன்தான்!”

“ஒருவேளை பொண்ணோ? குரல் குடுத்தா தெரிஞ்சிடும்னு...”

“பொண்ணா இருந்தா மட்டும் விட்டுடுவேனா? போறேன்னு ஒரு வார்த்தை சொல்லலையேடா!”

ஊருக்கு வெளியே வாய்க்காலை ஒட்டி ஓர் ஓட்டு வீடு. வாசலில் ஓர் ஆள் முதுகைக் காட்டி உட்கார்ந்து, தண்ணீர் மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“ஏங்க, அலையாத்தி நீங்கதானா?” என்றான் அரவிந்தன்.

அந்த ஆள் ஒரு திருகாணியைக் கழற்றித் தரையில் வைத்தார்.

“கேப்டன்!”

அவர் அடுத்த திருகாணிக்குப் போனார்.

அரவிந்தனுக்குப் பொறுமை போய்விட்டது. “பாத்தியாடா திமிரை? தஞ்சாவூர்லேருந்து வந்து நின்னு கூப்பிடுறோம், திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்கிறான்! ஏன்டா, எங்ககூடப் பேசுறது அவ்வளவு கசக்குதா உனக்கு? நாங்க என்னடா தப்புப் பண்ணோம்?”

அவன் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. உள்ளேயிருந்து ஒரு பெண் ஈரக் கையோடு ஓடி வந்தாள்.

“அந்த கேம் ஃபிரண்ட்ஸ்தானே நீங்க? வாங்க, வாங்க! காலையிலேருந்து ரோட்டையே பாத்துக்கிட்டிருந்தாரு, சும்மா இருக்க முடியாம இப்பதான் இதைக் கழட்ட உக்காந்தாரு. முன்னாடி வந்து நில்லுங்கண்ணே... அவருக்குப் பொறந்ததுலேருந்தே காதும் கேக்காது, பேச்சும் வராது. எதா இருந்தாலும் போன்ல டைப் பண்ணிக் காட்டுங்க.”