இருபதுக்கு மேல் ஏறாத சுவர்

"மறுபடியும் ஊசியா? என் சுவத்து மேல ஊசி நட்டு வச்சிருக்கியா?"

"நான் நடலை, இன்ஜினியர். அது தானா..."

"தானா என்னம்மா முளைக்கும்? காளான் முளைக்கும்!"

"...இப்பதான் வந்துச்சு, பத்து நிமிஷம் முன்னாடி இல்ல..."

பால்தசார் செகாரா கணினித் திரையை விரலால் இரண்டு தட்டுத் தட்டினார். சண்டை அந்தத் திரையில் இருந்த படத்தைப் பற்றித்தான். மலைமேல் இருக்கும் செம்புச் சுரங்கத்தின் கிழக்குச் சுவர் எங்கே, எவ்வளவு நகர்கிறது என்று ரேடார் அளந்து அனுப்பும். அரெக்கிப்பா நகரத்து ஐந்தாவது மாடியில் உட்கார்ந்து ரூஃபினா அதை மேடு பள்ளமாக வரைவாள். நகர்வு கூடினால் மேடு உயரும்; ஒரே இடத்தில் திடீரென்று கூடினால் ஊசிபோல நிமிரும்.

இரவு ஷிப்ட் ஏறிப்போய்க் குழி காலியாகக் கிடந்தது. படத்தைப் பார்த்து செகாரா 'சரி' சொன்னால்தான் காலை ஷிப்ட் இறங்கலாம்.

போன வாரம்தான் அவர் மானம் போயிருந்தது. சுவர் நகர்ந்தது மூன்றே மில்லிமீட்டர். மென்பொருளோ கட்டம் நிறையட்டும் என்று உயர அச்சைத் தானே இழுத்துக்கொண்டு, அந்த மூன்றை மலையாகக் காட்டிவிட்டது; அவரும் நம்பி வேலையை நிறுத்திவிட்டார். "செகாராவுக்கு எறும்புப் புத்தும் எரிமலைதான்" என்று மேலதிகாரி கூட்டத்தில் சொன்னபோது சிரிக்காதவள் ரூஃபினா ஒருத்திதான். அதனாலேயே அவள்மேல் அவருக்கு ஆத்திரம் அதிகம்.

"அச்ச இருபது மில்லிமீட்டர்ல பூட்டி வைன்னு சொன்னேனா இல்லையா?"

"பூட்டித்தான் வச்சிருந்தேன். இன்னிக்கு வந்த எண்ணு அதுக்குள்ள அடங்கல. தொறந்து விட்டுப் பாத்தா ஒம்பதாயிரம் காட்டுது."

"ஒம்பதாயிரம்! ஒம்பது மீட்டரு, பத்து நிமிஷத்துல! சுவத்துக்குக் கால் முளைச்சு, லிமா பஸ்ஸப் புடிக்க ஓடுதா?"

"அதான் எனக்கும் பயமா இருக்கு."

"பயம் உனக்கு, அவமானம் எனக்கு. பல்கலைக்கழகத்துல உனக்கு என்னதான் சொல்லிக் குடுத்தாங்க? ஸ்வெட்டர் பின்னவா?"

மேசைமேல் சுரங்கத்து நேர்த் தொலைபேசி அடித்தது. ரூஃபினா கையை நீட்டினாள். செகாரா அதன்மேல் உள்ளங்கையை வைத்து அமுக்கினார்.

"மேஸ்திரி கிரிசாந்தோதான். அறுபத்திரண்டு பேர பஸ்ல ஏத்தி வச்சுக்கிட்டு, எறக்கட்டுமா எறக்கட்டுமான்னு குடைவான். வாயில மெல்லற கோக்கா இல தீந்தா அவனுக்குப் பொறுமையும் தீந்துடும். அடிக்கட்டும்."

அவளை நாற்காலியோடு ஒதுக்கிவிட்டு அவரே விசைப்பலகையை இழுத்துக்கொண்டார். அச்சின் கீழ் எல்லை பூஜ்யம், மேல் எல்லை இருபது. ஒரே அழுத்து. ஊசியைக் காணோம். அது நின்ற இடத்தில் கட்டத்தின் கூரையை ஒட்டித் தட்டையான ஒரு மேடு மட்டும் இருந்தது.

"பாத்தியா? மேசை மாதிரி. இதுல தட்டு வச்சுச் சாப்பிடலாம்."

"அது எறங்கல, இன்ஜினியர். நீங்க தலைய வெட்டிட்டீங்க. இருபதுக்கு மேல இருக்கறத இனிமே படம் காட்டாது, அவ்வளவுதான்."

"எனக்கே பாடம் நடத்தறியா?"

தொலைபேசி ஓய்ந்தது. மூச்சு வாங்குகிற நேரம்கூட ஆகவில்லை, மறுபடி அடித்தது.

"ஒரு தடவ எடுங்க. குழி விளிம்புல நின்னு கண்ணால பாத்துச் சொல்லச் சொல்லுங்க."

"கண்ணாலயா? அப்புறம் ரேடாரு எதுக்கு, துணி காயப்போடவா? அவன் கண்ணும் உன் கண்ணும் ஒண்ணுதான். ரெண்டுக்கும் வெளிச்சம் தெரியும், வெவரம் தெரியாது."

"அறுபத்திரண்டு பேரு, இன்ஜினியர். இந்தப் படத்துல நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"உன் கையெழுத்த இங்க யாரு கேட்டா?"

படத்தை அச்சடித்து எடுத்தார். அடியில் தன் பெயரை மட்டும், வழக்கத்தைவிடப் பெரிய எழுத்தில் போட்டார். மேலதிகாரிக்கு அதை அனுப்பிவிட்டு, வாயோரம் ஒரு சிரிப்போடு தொலைபேசியை எடுத்தார். மறுமுனையை வாய் திறக்க விடவில்லை.

"என்னய்யா அவசரம், உனக்கென்ன கல்யாணமா? கிழக்குச் சுவரு அசையாம நிக்குது. நானே பாத்துட்டேன். எல்லாரையும் எறக்கு."

குழி விளிம்பின் காற்றிரைச்சலுக்கு நடுவே மேஸ்திரியின் குரல் வந்தது.

"எந்தச் சுவரு, இன்ஜினியர்?"