கல்லறைச் சாலைக்கு எத்தனை ஓட்டு

எஸ்தோனியாவில் ஆள் குறைந்த ஊராட்சிகளைப் பக்கத்து ஊரோடு இணைத்துவிடுவார்கள். அதற்குப் பயந்துதான் வில்லிசூ ஊர்க்காரர்கள் இறந்தவர்களையும் குடிமக்களாகவே வைத்துக்கொண்டார்கள். செத்த பிறகும் அவர்கள் கணினி வழியே பேசினார்கள், ஓட்டும் போட்டார்கள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலை, பனி ஜன்னல்வரை ஏறியிருந்தது. தாய்வியின் மகளுக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. ஊருக்குப் பனி அள்ளும் வண்டி ஒன்றே ஒன்றுதான். அதை எந்தச் சாலைக்கு அனுப்புவது என்று ஊராட்சி ஓட்டெடுப்பு நடத்தியது.

உயிரோடிருந்தவர்கள் எல்லோரும் ஆஸ்பத்திரிச் சாலை என்றார்கள். ஆனால் ஊரில் செத்தவர்கள்தான் அதிகம்; தங்கள் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்ற ஜனங்கள் வர வேண்டும் என்று அவர்கள் போட்ட ஓட்டில் கல்லறைச் சாலை ஜெயித்தது.

போன வருஷம் இறந்துபோன கணவன் உர்மாஸைத் தாய்வி திரையில் கூப்பிட்டாள். "நீ எதுக்குப் போட்டே? அவ உன் பொண்ணும்தானே!"

"அதனாலதான் கல்லறைச் சாலைக்குப் போட்டேன், தாய்வி," என்றான் அவன், பழைய அன்போடு. "இங்கே எல்லாரும் அவளைப் பார்க்கணும்னு ஆசைப்படுறாங்க."

வெளியே வண்டிச் சத்தம் கேட்டது. தாய்வி ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள்.

வண்டி கல்லறையிலிருந்து அவள் வாசற்படிவரை பனியை ஒதுக்கி வழி செய்துவிட்டு, விளக்கை எரியவிட்டபடி காத்து நின்றது.