கார் பார்க்கை மறித்த சாமி

ஜெலுத்தோங்கில், தன் வீட்டுக்கு எதிரே நிழல் விரித்து நின்ற அரசமரத்தை வெட்டி ஆஸ்பத்திரிக்குக் கார் பார்க் கட்டப் போகிறார்கள் என்றதும் மோகனராஜுக்கு ரத்தம் கொதித்தது. மனு கொடுத்தார், ஆஸ்பத்திரி மசியவில்லை.

மறுநாளே மரத்தடியில் மஞ்சள் துணியும் குங்குமப் பொட்டுமாக ஒரு சாமி முளைத்தது. நோயாளிகளின் சொந்தக்காரர்கள் தேங்காய் உடைத்தார்கள். ஒரே வாரத்தில் மேனேஜரே வந்து கும்பிட்டு, "மரத்துல கை வைக்க மாட்டோம்லா" என்று சொல்லிவிட்டார்.

மோகனராஜ் நெஞ்சை நிமிர்த்தி வீட்டுக்குள் நுழைந்தார். மனைவி லோகேஸ்வரி பூத்தட்டோடு எதிரே வந்தாள்.

"எங்க கெளம்பிட்ட?"

"மரத்தடிச் சாமிகிட்டதான். கேட்டது கெடைக்குமாம்லா."

"ஒனக்கு என்ன கொறை?"

"ஒரு வாரமா என் அம்மிக்குழவியக் காணோங்க. அதான் வேண்டிக்கப் போறேன்."

மோகனராஜ் வாசலை மறித்து நின்றார்.

"தூரமா நின்னே கும்பிடு. ரொம்ப உத்துப் பாக்காதே."